இறக்கிக் கட்டிய புல்லட் என்ஜினில் கம்ப்ரஷன் இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ வைத்தே எழுதப்பட்டது. 70 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். சென்னை திருவொற்றியூரில் உருவாகி ஊரெல்லாம் ஓடிய, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின். அடிப்படை ஒன்றுதான் என்பதால், காற்றில் குளிரும் மற்ற வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் இது. என்ஜின் இறக்கி, போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), புதுப் பிஸ்டன் போட்டுக் கட்டிய பிறகும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உள்ளே சேரும் காற்றழுத்தம், வரவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, "ஓட்டுங்க, செட் ஆயிடும்." இன்னொன்று, "மறுபடி இறக்கிடலாம்." சில நேரம் இரண்டுமே தப்பு. ஒவ்வொரு முறை போர் அடிக்கும்போதும் பிளாக்கிலிருந்து இரும்பு போகிறது, அது திரும்ப வராது. காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரிவதற்கு முன் ஹெட் நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

கம்ப்ரஷன் குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிக்கர் லேசாக இறங்கினால் போதுமா?

போதாது. ஆனால் தொடங்க நல்ல இடம் அதுதான். சாவியை அணைத்துவிட்டு, கிக்கரை மெல்ல மிதித்துக் கம்ப்ரஷன் தட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உடல் எடையை அதன்மேல் வைத்து நில்லுங்கள். நல்ல புல்லட் சில நொடிகள் தாங்கி, பிறகு மெதுவாக இறங்கும். ஏறி நின்ற உடனே "உஸ்" என்று போய்விட்டால் எங்கோ கசிகிறது.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் கிராங்கைச் சுற்றுகிறது. கிளட்ச் வழுக்கினாலோ கிளட்ச் கேபிள் ஓவர் டைட்டாக இருந்தாலோ கிக்கர் லேசாக இறங்கும், உள்ளே பிஸ்டன் நகர்ந்தே இருக்காது. கம்ப்ரஷன் இல்லை என்று வரும் வண்டிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு மிதித்தால் கிளட்ச் சுமை இல்லாமல் சுற்றிவிடும், அதனால் அந்தச் சோதனை இதைக் காட்டாது. பிளக் மாட்டிய நிலையில், கான்டாக்ட் பாயின்ட் மூடியைத் திறந்து, ஒருவர் மிதிக்க மற்றவர் உள்ளே பார்க்க வேண்டும். கிக்கர் இறங்கும்போது உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் என்ஜின்மேல் குற்றமில்லை.

கம்ப்ரஷன் கேஜ் (பிளக் துளையில் வைக்கும் அழுத்தமானி) வைத்துப் பார்த்தால் எவ்வளவு வரவேண்டும்?

முதலில் முறை. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பில் அந்தப் பிளக்கையே மாட்டி ஹெட்டில் படும்படி வையுங்கள், காயிலுக்கு நல்லது. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடியுங்கள். பலர் விடுவது இதைத்தான். கார்புரேட்டர் ஸ்லைடு மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது, பிறகு எதை அழுத்தும்? முள் இனி ஏறாது என்னும்வரை நன்றாக மிதியுங்கள்.

இந்தப் பழைய என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள இடம், உச்சியில் இருக்கும்போதுள்ள இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறைந்தது. இன்றைய வண்டிகளின் 150, 170 பிஎஸ்ஐயை இதில் எதிர்பார்த்துப் பயப்படவேண்டாம். 100 பிஎஸ்ஐயைச் சுற்றி வந்தால் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. 70-க்குக் கீழே நின்றால் தேடவேண்டும். எண்ணைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. நன்றாக ஓடும் நண்பரின் அதே மாடல் வண்டியில் அதே கேஜை வைத்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

முள் ஏறும் விதத்தையும் கவனியுங்கள். முதல் மிதியில் குறைவாக வந்து, அடுத்தடுத்த மிதியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்) பக்கம் சந்தேகம். முதலிலும் குறைவு, எத்தனை மிதித்தாலும் அங்கேயே நிற்கிறது என்றால் வால்வு பக்கம் சந்தேகம்.

ஊட்டியில் பார்த்தால் 76, சென்னையில் அதே வண்டி 100 காட்டுகிறதே?

கேஜ் சரி, வண்டியும் சரி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்பதால் அழுத்திய பின் வரும் எண்ணும் அந்த விகிதத்தில் குறையும். சென்னையில் 100 காட்டும் என்ஜின் அங்கே 75 சுற்றித்தான் காட்டும். மலையில் குடியிருப்பவர்கள் இதைத் தெரியாமல் என்ஜினைப் பிரித்துவிடக் கூடாது.

ஒரே கேஜ் புல்லட்டில் சரியாகவும் 100 சிசி வண்டியில் குறைவாகவும் காட்டுகிறது. ஏன்?

மலிவான கேஜ்களில் ஒருவழி வால்வு குழாயின் மேல் முனையில், கேஜை ஒட்டி இருக்கும். குழாய்க்குள் இருக்கும் இடமும் எரியறையின் பகுதியாகிவிடும். புல்லட்டின் விகிதத்தைக் கணக்குக்கு 6.5 என்று வைத்தால், எரியறையின் கொள்ளளவு சுமார் 63 சிசி. குழாய் 6 சிசி சேர்த்தாலும் விகிதம் 6-க்குத்தான் இறங்கும். விகிதம் 9 உள்ள 97 சிசி வண்டியில் எரியறையே 12 சிசி. அதே 6 சிசி சேர்ந்தால் விகிதம் 6.4 ஆகிவிடும். நல்ல என்ஜினையே செத்துப்போனது என்று காட்டும். சிறிய வண்டிக்கு, பிளக் துளையில் திருகும் முனையிலேயே வால்வு உள்ள கேஜ்தான் வாங்கவேண்டும்.

டீகம்ப்ரஷன் லீவரால் கம்ப்ரஷன் போகுமா?

போகும், தாராளமாகப் போகும். இறக்கிக் கட்டிய புல்லட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடமே அதுதான். ஹெட்டில் திருகியிருக்கும் அந்தச் சின்ன வால்வு, லீவரைப் பிடித்தால் திறந்து கம்ப்ரஷனை வெளியே விடுவதற்காகவே இருப்பது. ஹெட்டை மாட்டும்போது கேபிளை இழுத்துக் கட்டிவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போதோ எப்போதுமோ அது ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். கேபிளை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபடி கிக்கர்மேல் நின்று பாருங்கள். சரியாகிவிட்டால் வேலை முடிந்தது. கேபிளில் கொஞ்சம் ஆட்டம் வைத்து மாட்டிவிடுங்கள்.

கேபிள் இல்லாமலும் கசிந்தால், அதைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வால்வைக் கழற்றி அதன் இருக்கையில் கார்பன் துணுக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்து, கொஞ்சம் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து லேப்பிங் செய்யலாம் (தேய்த்துப் பொருத்தலாம்). ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹெட்டை வேலைக்குக் கொடுக்கும்போது வால்வு, கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) எல்லாம் பார்ப்பவர்கள் இந்தச் சின்னப் பொருளைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு அப்படியே திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டு) எவ்வளவு டைட்டாக இருக்கவேண்டும்?

பிளாக்கின் வலப்புறம் இருக்கும் டேப்பட் மூடியைத் திறந்தால் இரண்டு ராடுகளின் அடியும் அட்ஜஸ்டரும் தெரியும். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வேண்டும். இரு விரலால் ராடைத் திருகினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இதுதான் அளவு.

சத்தம் பிடிக்காமல் இதை இறுக்கிவிடுபவர்கள் நிறைய. இறுக்கினால் டேப்பட் சத்தம் போகும், கூடவே கம்ப்ரஷனும் போகும், ஏனென்றால் வால்வு முழுசாக உட்காராது. அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகிவிடும். நீர் சுற்றாத என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு ஆறுவதற்கு அந்த இருக்கை ரொம்ப முக்கியம்.

இன்னொன்று. புதிதாகக் கட்டிய என்ஜினில் லேப்பிங் செய்த வால்வுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும், அப்போது ராடு தானாகவே டைட் ஆகும். கட்டிய அன்று சரியாக வைத்ததும் பிறகு தப்பாகிவிடும். முதல் ஆயில் மாற்றும்போது இதையும் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆயில் ஊற்றிப் பார்க்கும் சோதனையை நம்பலாமா?

அளவோடு செய்தால் நம்பலாம். பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 சிசி என்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு முறை மெதுவாகச் சுற்றி ரிங்கில் பரவவிட்டு மறுபடி கேஜ் பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர் பக்கம் கசிவு. அசையவில்லை என்றால் வால்வு, டீகம்ப்ரஷர், ஹெட் ஜாயின்ட் பக்கம்.

ஐந்து சிசிக்கு மேல் ஏன் கூடாது? ஆயில் அமுங்காது. 10 சிசி ஊற்றினால் எரியறை 63-இலிருந்து 53 சிசி ஆகிறது, விகிதம் 6.5-இலிருந்து 7.5-க்கு ஏறிவிடுகிறது. ரிங் நல்லதாக இருந்தாலும் எண் கூடத்தான் செய்யும், ரிங்மேல் பொய்ப் பழி விழும்.

காற்று அடித்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், பஞ்சர் கடைக் கம்ப்ரஸரே போதும். இருக்கிற சோதனைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். கேஜ் "குறைவு" என்று மட்டும் சொல்லும், காற்றுதான் இடத்தைக் காட்டும்.

பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்பு உடம்பில் ட்யூப் வால்வுக் குழாயைப் பிரேசிங் செய்து ஒட்டினால் இணைப்பு தயார். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் சரியான உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். கிக்கர் பக்கத்தில் காலோ கையோ இருக்கக் கூடாது. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று அதைத் தள்ளிச் சுற்றிவிடும், அடி பலமாகப் படும். 30, 40 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் ஏற்றவேண்டாம்.

இப்போது காதுதான் கருவி. கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, டீகம்ப்ரஷரையும் கூடவே சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றும் வாயிலோ பிரீதர் குழாயிலோ (என்ஜின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாய்) வந்தால் ரிங். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில், பிளக்கின் அடியில், டீகம்ப்ரஷரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம் குற்றவாளி. பிளக் துளை மரை தேய்ந்து இன்சர்ட் போட்ட ஹெட்களில் அந்த இன்சர்ட்டைச் சுற்றியே கசிவதும் உண்டு.

பிரீதரில் கொஞ்சம் காற்று வருவது எல்லா என்ஜினிலும் உண்டு, புது ரிங்கில் கூடுதலாகவே இருக்கும். வால்வு வழியாகக் கேட்கும்படி சீறுவதை மட்டும் விடக் கூடாது.

ரிங்தான் என்று தெரிந்துவிட்டது. புது ரிங் எப்படிக் கசியும்?

இதற்குப் பல வழி இருக்கிறது, இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, ரிங் இன்னும் போரோடு சேரவில்லை. ரிங் தன் ஸ்பிரிங் விசையால் மட்டும் போரை அழுத்துவதில்லை. எரிவாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுவதால்தான் நன்றாக அழுந்துகிறது. அதனால் புது என்ஜினை ஸ்டாண்டில் போட்டு மணிக்கணக்காக ஐடிலிங்கில் விடுவது கெடுதல். சுமை இல்லை, அழுத்தம் இல்லை, வெப்பம் மட்டும் ஏறும், காற்றோட்டமும் கிடையாது. ஹோனிங் கோடுகள் (போரில் சாணைக்கல்லால் இழுத்த மெல்லிய கோடுகள்) தேய்வதற்குப் பதிலாக ஆயில் சுட்டுப் பிசின்போல் படிந்து போர் வழவழப்பாகிவிடும். அதன்பின் எவ்வளவு ஓட்டினாலும் ரிங் சேராது. ரன்னிங் இன் என்றால் உருட்டுவது இல்லை. வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான சுமை கொடுத்து, இடையிடையே ஆக்ஸிலேட்டரை விட்டு, வழியில் நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுவது. ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போதும். சிந்தெடிக் ஆயிலை ரிங் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது, அளவு மாறிய ரிங். போர் 0.50 மிமீ ஓவர்சைஸுக்கு அடித்திருக்கும், பெட்டியில் வந்தது 0.25 ஓவர்சைஸ் ரிங்காக இருக்கும். விட்டத்தில் கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுற்றளவில் அது கிட்டத்தட்ட 0.8 மிமீ. 0.3 மிமீ இருக்கவேண்டிய ரிங் இடைவெளி 1 மிமீக்கு மேல் திறந்துகொள்ளும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். 70 மிமீ போருக்கு 0.25 முதல் 0.35 மிமீ சரி. இதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். செய்யாத பட்டறையில் என்ஜினைக் கொடுக்கவேண்டாம்.

மூன்றாவது, தலைகீழாக மாட்டிய ரிங். இரண்டாவது ரிங்கின் முகம் பெரும்பாலும் லேசான சரிவு உள்ளது, ஒரு பக்கத்தில் "டாப்" என்றோ புள்ளியோ இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். தலைகீழானால் ஆயிலை வழித்து இறக்குவதற்குப் பதில் மேலே ஏற்றிவிடும், நீலப் புகையும் கூட வரும்.

நான்காவது, போரே தப்பு. லேத்தில் அடித்து, ஹோனிங் செய்யாமல் கண்ணாடிபோல் பளபளப்பாகக் கொடுத்தால் பார்க்க அழகுதான், ரிங் சேராது. 45 டிகிரி அளவில் குறுக்குக் கோடுகள் தெரியவேண்டும். போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக டயல் கேஜில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல லேத்காரர் கோபப்பட மாட்டார்.

கட்டிய புதிதில் நன்றாக இருந்தது, முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு கம்ப்ரஷன் போய்விட்டது. ஏன்?

சீஸ் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 70 மிமீ பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் 0.2 மிமீ அளவுக்குப் பெருக்கும், போர் அதில் பாதியே பெருக்கும். "டைட்டாக இருந்தால் நீண்ட நாள் வரும்" என்று கிளியரன்ஸை (பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விடும் இடைவெளி) குறைத்துக் கட்டினால், நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது பிஸ்டன் போரைப் பிடிக்கும். ஓட்டுபவருக்கு ஒரு நொடி வண்டி பின்னால் இழுத்ததுபோல் மட்டும் தெரியும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சரியாகிவிடும், மறந்தும் போகும். ஆனால் உரிந்த அலுமினியம் ரிங் பள்ளத்தின்மேல் பூசிக்கொண்டு ரிங்கை அசையவிடாமல் பிடித்திருக்கும்.

இதற்கு மட்டும் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பிஸ்டனில் உரசிய இடம் எதிரெதிரே நான்கு மூலையில் இருந்தால் கிளியரன்ஸ் போதவில்லை, அல்லது சூடு மீறியிருக்கிறது. கார்புரேட்டர் லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்ததா, டைமிங் தள்ளியிருந்ததா, ஃபின்களுக்கு நடுவே சேறோ தடித்த பெயின்ட்டோ அடைத்திருந்ததா என்பதையும் பார்க்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் இதே வழியில் போகும்.

வால்வு லேப்பிங் செய்துதான் போட்டோம். பிறகும் வால்வில் கசிகிறதே?

கைடு மாற்றினார்களா என்று கேளுங்கள். புதுக் கைடு இறங்கினால் அதன் மையம் பழைய இருக்கையின் மையத்தோடு பொருந்துவது அரிது. கைடு போட்டபின் இருக்கையை வெட்டிச் சரிசெய்து, அதன்பிறகே லேப்பிங். கைடு மாற்றிவிட்டு வெறும் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் சாம்பல் வளையம் வரும், ஆனால் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் மெலிசு.

ஹெட் வந்தவுடன் மாட்டுவதற்கு முன், வால்வு ஸ்பிரிங் மாட்டிய நிலையில் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் எரியறைப் பக்கம் ஈரம் கசிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாம் சரி, கசிவே இல்லை. ஆனாலும் கேஜ் குறைவு.

காற்றுச் சோதனையில் கசியாத என்ஜின் கேஜில் குறைந்தால் மூன்றில் ஒன்று. கேம் கியர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திரும்பக் கார்புரேட்டருக்கே தள்ளிவிடும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் உச்சியில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் திறந்து மற்றது மூடியிருந்தால் டைமிங் மூடியைத் திறந்து பினியன், கேம் சக்கரங்களின் புள்ளிகளைச் சரிபாருங்கள்.

அல்லது பிஸ்டன் மாறியிருக்கலாம். தலை தட்டையான பிஸ்டனோ, பின் துளை உயரம் வேறான பிஸ்டனோ போட்டால் விகிதமே குறைந்துவிடும். அடி கேஸ்கெட் தடித்ததாகவோ இரண்டாகவோ போட்டாலும் அப்படியே.

மூன்றாவது, காஸ்ட் அயர்னுக்குப் பின் வந்த தலைமுறை வண்டி. யூசிஇ என்ஜின் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) உள்ள புல்லட், கிளாசிக் வகைகளில் ஸ்டார்ட் ஆகும்போது தானாகத் திறக்கும் டீகம்ப்ரஷன் கேம்மிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டர் வேகத்தில் கேஜ் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அவற்றுக்குக் காற்றுச் சோதனை மட்டுமே செய்யுங்கள்.

ஹெட் நட்டை மறுபடி இறுக்கவேண்டுமா?

ஆம். முதலில் சூடேறி முழுக்க ஆறிய பிறகு ஒரு முறை, முதல் ஆயில் மாற்றும்போது ஒரு முறை. குறுக்குவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து. சூட்டில் தொடக் கூடாது. இறுக்கியபின் புஷ் ராடு அட்ஜஸ்ட்மென்ட் மாறும், அதையும் பாருங்கள்.

"இன்னும் ஒரு சைஸ் போர் அடிச்சிடலாம்" என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

0.25, 0.50, 0.75, 1.00 மிமீ ஓவர்சைஸ் என்று போகும் வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1.00-ஐத் தாண்டினால் ஸ்லீவ் (பிளாக்கினுள் இறக்கும் புது இரும்புக் குழல்) போடுவதுதான் வழி. காற்றில் குளிரும் பிளாக்கில் ஸ்லீவ் எங்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காராவிட்டால் வெப்பம் ஃபின்னுக்குப் போகாது. நல்ல ஸ்லீவ் வேலை நிறைய நாள் ஓடும், ஆனால் அதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் குறைவு.

போர் வழவழப்பாகிவிட்டது என்பது மட்டுமே குறை என்றால், அளவு லிமிட்டுக்குள் இருக்கும்வரை, மறுபடி ஹோனிங் செய்து அதே சைஸ் புது ரிங் செட் போட்டாலே போதும். போரைக் கேஜில் அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஓவலும் (வட்டம் கோணுவது) டேப்பரும் (மேலும் கீழும் விட்டம் மாறுவது) லிமிட்டைத் தாண்டியிருந்தால், அல்லது ஆழமான கீறல் விரல் நகத்தில் தட்டினால், அப்போது அடிக்கலாம். "அடிச்சாத்தான் நிம்மதி" என்பதற்காக அடிக்க விடாதீர்கள்.